பெயரும் அலரும்

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. தபாலில், கையால் எழுதப்பட்ட கடிதம். எழுதியவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெண். நாற்பது வருஷங்களுக்கும் முன்பு நாங்கள் நான்கைந்து நண்பர்கள் சேர்ந்து நடத்திய பத்திரிகையின் வாசகியாக இருந்தவர். அந்தப் பத்திரிகை முன்னூறு பிரதிகள் அச்சாயிற்று. அவற்றிலும் எழுபது எண்பது, கட்டுப் பிரிக்கப்படாமலே கரையானுக்குப் போயின. ஒரு இதழில் வந்த கதையை ஒட்டி அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கதையைப் பற்றியதாகத் தொடங்கிய அது அவருடைய தாம்பத்தியத்தைப் பற்றியதாக முடிந்தது. பெயரோடும் ஊரோடும் பிரசுரித்தோம். அவர் விருப்பமும் அதுதான். அந்த இதழின் கதைகளையும் கவிதைகளையும்விட அந்தக் கடிதம்தான் இன்று படிக்கும்போதும் நிற்கிறது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, கவிதைகளில் ஒன்று என்னுடையது என்றபோதிலும். கடிதத்தில் என்ன இருந்தது என்பதை இங்கு சொல்லப் போவதில்லை.

இப்போது ஒரு இளம் நண்பர் தன் கைக்காசையும் இரண்டு கோடை விடுமுறைகளையும் செலவழித்து அந்த இதழ்கள் முழுவதையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார். வெறும் படங்களாக அல்ல. எழுத்துணரி மென்பொருளைக் கொண்டு ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுக்கும்படியாக. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்து பாராட்டினோம். முன்னூறு பேருக்கு மேல் போய்ச் சேராத எழுத்து உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டது என்று ஒரு நண்பர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசவும் பேசினார்.

அந்த அம்மாளின் பேத்திக்கு வரன் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு குடும்பத்தைப் பற்றி விசாரிக்க ஒருவர் பஸ் ஏறி வரவேண்டும். எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்கவேண்டும். பதில் சொல்பவருக்கும் ஒரு முகம் இருக்கும், நாளை காலை இவர்கள் முகத்தில் விழிக்கவேண்டுமே என்ற கூச்சம் இருக்கும். இப்போது கைப்பேசியில் பாட்டியின் பெயரையும் ஊரையும் தட்டியிருக்கிறார்கள். முதலில் வந்து நின்றது அந்தக் கடிதம்.

அவர் எனக்கு எழுதியது நான்கைந்து வரிதான். தான் எழுதியதை அவர் மறுக்கவில்லை. எழுதியதற்கு வருத்தமும் தெரிவிக்கவில்லை. இதழை எடுத்துவிடும்படியும் கேட்கவில்லை. பெயரை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று கேட்டிருந்தார்.

நண்பர்கள் கூடிப் பேசினோம். பேச்சு சண்டையில் முடிந்தது. அச்சில் வந்தது வந்ததுதான், அதில் ஒரு எழுத்தைத் தொட்டாலும் அது வரலாற்றைத் திருத்துவதாகும் என்றார் ஒருவர். 1975-77-ல் தணிக்கையைக் கண்டு பொருமிய நாமே இன்று கையில் கறுப்பு மையை எடுப்பதா என்று அவர் கேட்டது எனக்கு உறைத்தது. நாளை ஒரு மந்திரி தன் பெயரை எடுக்கச் சொல்லி எழுதினால் என்ன செய்வாய் என்றும் கேட்டார். இன்னொருவர், ஒரு கிழவியின் நிம்மதிக்கு முன்னால் உங்கள் சிற்றேட்டு வரலாறு என்ன பெரிய வரலாறு என்றார். இரண்டிலும் நியாயம் இருந்தது. இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசினார்களா என்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 2023-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு விசித்திரமான பிரதி. அதன் ஆங்கில மூலம், ஆணானாலும் பெண்ணானாலும், மனிதரைக் குறிக்க எங்கும் பெண்பால் பிரதிப்பெயரையே கையாளுகிறது. ஆனால் இந்த ‘அவளு’க்கு அதில் ஒன்றும் இல்லை. ஒருவர் தாமே பகிரங்கப்படுத்திய தன் விவரங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே, மூன்றாம் பிரிவில், சொல்லிவிடுகிறது. எங்களுக்கு அது இன்னும் தாராளம்: ஆராய்ச்சிக்காகவும் ஆவணக் காப்புக்காகவும் செய்யப்படும் காரியங்களுக்கு, குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவெடுக்க அவை பயன்படாதவரை, விலக்குத் தருகிறது. பத்திரிகைத் தொழிலுக்கோ இலக்கியத்துக்கோ தனியாக விலக்கு எதுவும் அதில் இல்லை என்பது வேறு கதை. அது என்றாவது நம்மை வேறு வழியாக வந்து பிடிக்கும். இந்த விஷயத்தில் சட்டம் முழுக்க எங்கள் பக்கம். அது எங்கள் பக்கம் நின்ற விதம்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. 1981-ல் முன்னூறு பேருக்குச் சொன்னதும் இன்று பெயரைத் தட்டுகிற எவனுக்கும் சொன்னதும் அதற்கு ஒன்றே. சட்டத்துக்கு இரண்டே இடங்கள்தான் தெரிகின்றன: பூட்டிய அறை, தெரு. திண்ணை என்ற ஒன்று அதற்குத் தெரியாது.

இது இன்று நேற்று வந்த குறையல்ல. அந்தரங்கத்தை ஒரு உரிமையாகப் பேசும் மரபு, 1890-ல் ஹார்வர்ட் சட்ட இதழில் வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு பாஸ்டன் வக்கீல்கள் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். கையில் எடுத்துப் போகும் காமிராவும் மேல்தட்டு வீடுகளின் வம்பை அச்சிடும் பத்திரிகைகளும் அவர்களைத் தொந்தரவு செய்தன. தொந்தரவின்றித் தனித்து விடப்படும் உரிமை என்று அவர்கள் கேட்டது, அடிப்படையில், வரவேற்பறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை. கதவுள்ள வீடு உடையவர்களின் கற்பனை அது. நூறு வருஷம் கழித்து அந்தச் சொற்றொடர் நம் நாட்டுச் சட்டத்துக்குள் திட்டமாக வந்தபோது, அது வந்த வழி நமக்கு மிக அருகில் இருந்தது: ஒரு தமிழ் வாரப் பத்திரிகை.

கொலை வழக்குகளில் மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகளோடு அவனுக்கிருந்த உறவுகள் வருவதாக இருந்தது. சிறைத் துறையின் தலைமை அதிகாரி அது பொய் என்றும் வெளியிடக் கூடாது என்றும் கடிதம் எழுத, விஷயம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1994 அக்டோபர் 7 அன்று நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு மூன்று காரியங்களைச் செய்தது. ஒருவருடைய குடும்பம், மணவாழ்வு, பிள்ளைப்பேறு முதலியவற்றைப் பற்றி அவர் சம்மதமில்லாமல் யாரும் எழுதக் கூடாது என்றது. தம் பதவிக் காரியங்களைப் பற்றி எழுதுவதை அதிகாரிகள் முன்கூட்டித் தடுக்க முடியாது என்றது. இரண்டும் சரியே. மூன்றாவதாக, ஒரு விஷயம் பொது ஆவணத்தில் — கோர்ட் ஆவணமும் இதில் சேர்ந்ததுதான் — ஏறிவிட்டால் பிறகு அங்கே அந்தரங்கத்துக்கு இடமில்லை என்றது. பாலியல் கொடுமைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயருக்கு மட்டும் விதிவிலக்குத் தந்தது. 1994-ல் கோர்ட் ஆவணம் என்றால் சிவப்பு நாடா கட்டி ரிக்கார்டு ரூமில் கிடந்த காகிதம். அதைப் பார்க்க ஒருவன் மனுப் போடவேண்டும், குமாஸ்தாவைக் கெஞ்சவேண்டும், தூசியில் தும்மவேண்டும். அந்தத் தூசியே ஒரு திரையாக இருந்தது என்பது தீர்ப்பெழுதியவர்களுக்குத் தோன்ற அப்போது காரணமில்லை.

அமெரிக்காவில் ஐந்து வருஷம் முன்னதாகவே இது தோன்றியிருக்கிறது. ஒருவருடைய கைதுகளும் தண்டனைகளும் பல ஊர்க் கோர்ட்டுகளில் சிதறிக் கிடந்தால் அவை ஒவ்வொன்றும் பகிரங்கம்தான், ஆனால் எஃப்.பி.ஐ.யின் கம்ப்யூட்டர் அவற்றைத் திரட்டி ஒரே தாளில் வைக்கும்போது அது வேறொரு பொருள், அதில் அவருக்கு அந்தரங்க அக்கறை உண்டு என்று 1989-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் சொன்னது. சிதறிக் கிடப்பதே ஒரு வகை மறைவு. எனக்குத் தெரிந்தவரை திண்ணையைப் பற்றிச் சட்டம் பேசிய ஒரு சில இடங்களில் இது ஒன்று.

இன்னொன்று 2014-ல். ஸ்பெயினில் ஒருவர் சமூகக் காப்பீட்டுப் பாக்கிக்காகத் தன் வீடு ஏலத்துக்கு வந்ததாக 1998-ல் பத்திரிகையில் வெளியான அறிவிப்பு, பாக்கி தீர்ந்து பல வருஷம் ஆன பின்பும், கூகிளில் தன் பெயரைத் தேடினால் வருவதாகப் புகார் செய்தார். ஐரோப்பிய நீதிமன்றம் பத்திரிகையின் பக்கத்தைத் தொடவில்லை. அது கிடக்கட்டும், இந்தப் பெயரிலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போகும் வழியை மட்டும் தேடுபொறி அடைத்துவிடவேண்டும் என்றது.

நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். கீழ்க் கோர்ட்டில் தண்டிக்கப்பட்ட ஒருவர் 2014-ல் மேல்முறையீட்டில் விடுதலையானார். விடுதலைத் தீர்ப்பு இணையத்தில் ஏறியது. அவர் பெயரைத் தட்டுகிறவன் தீர்ப்பின் கடைசிப் பக்கம்வரை படிப்பதில்லை. வழக்கு எண், குற்றப் பிரிவு, பெயர் — போதும். குற்றமற்றவர் என்று சொல்லும் காகிதமே அவரைக் குற்றவாளியாக ஆக்கிக்கொண்டிருந்தது. 2021-ல் ஒரு நீதிபதி முதலில் அனுதாபத்தோடு கேட்டார். ஆனால் இதற்குச் சட்டமில்லை, வரவிருக்கும் தரவுச் சட்டம் வரட்டும் என்று ஆகஸ்டில் மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் அடங்கிய பெஞ்ச் பெயரை மறைக்க உத்தரவிட்டது. தீர்ப்புகளை வெளியிடும் இணையதளம் மேலே போக, அதே வருஷம் ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. தீர்ப்பு பொது ஆவணம் என்ற பழைய கேள்வியே மறுபடி எழுந்தது. இதற்குள் இன்னொன்றும் நடந்துவிட்டது. மறக்கப்படவேண்டும் என்று வழக்குப் போட்டதாலேயே அவர் பெயர் அந்த வழக்கின் பெயராகிச் சட்ட மாணவர்களுக்குப் பாடமாகிவிட்டது. ஸ்பெயின்காரருக்கும் இதே கதிதான். அவர்கள் இருவர் பெயரையும் நான் இங்கு எழுதவில்லை. இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

இந்தச் சட்ட வாதங்களில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது: நிகழ்ச்சி அல்ல, நிகழ்ச்சியோடு பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் தகராறு. இது நமக்குப் புதிதாக இருக்கக் கூடாது. தொல்காப்பியம் அகத்திணையியலில், ஐந்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லலாகாது என்று விதிக்கிறது. இதை நம் தமிழாசிரியர்கள் ஒரு இலக்கண மரபாக மட்டும் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பொதுமைப்படுத்துதல், உலகளாவிய மனிதன் என்றெல்லாம் சிலாகித்தவர்களும் உண்டு. எனக்கு இப்போது அது வேறு மாதிரி படுகிறது. அகப்பாட்டில் மறைக்கப்படுவது என்ன? ஒன்றுமே இல்லை. இரவில் அவன் வருவது, வராமல் போவது, தாய் விழித்திருப்பது, உடல் மெலிவது, பரத்தையிடம் போய்வந்தவனை வாயிலில் நிறுத்துவது, எல்லாம் பேசப்படுகிறது. பெயர் மட்டும் இல்லை. பெயர் இல்லாததனாலேயே எல்லாம் பேச முடிகிறது. களவியல் உரை அம்பலுக்கும் அலருக்கும் வேறுபாடு சொல்லும்போதும் இதுதான் அளவுகோல்: வாய்க்குள் மொட்டாக நிற்பது அம்பல்; இன்னானோடு இன்னாள் என்று விளங்கச் சொல்லிவிட்டால் அலர். தேடுபொறி ஒரு அலர் இயந்திரம். அதற்கு அம்பல் தெரியாது.

பெயரை நீக்கினால் போதுமா என்ற கேள்வியையும் நம் உரைகாரர்கள் பார்த்திருக்கிறார்கள். நெடுநல்வாடையில் தலைவன் பெயர் எங்கும் வருவதில்லை. தலைவி அரண்மனையில் வாடுகிறாள், அவன் பாசறையில் தூங்காமல் நடக்கிறான். எல்லா லட்சணத்தாலும் அகம். ஆனால் அவனுக்கு முன்னால் ஏந்திச் செல்லப்படும் வேலில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆகவே இது புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்புச் சொன்னார். (அதைப் பாடிய நக்கீரனின் பெயரில்தான் அந்த வாரப் பத்திரிகை இருந்தது என்பது வெறும் தற்செயல்.) பெயரை மறைத்து ஒரு இலையை விட்டுவைத்தால் ஆள் தெரிந்துவிடும் என்ற இதே விஷயத்தை 1990-களில் லத்தன்யா ஸ்வீனி என்ற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் நிரூபித்துக் காட்டினார். மாஸசூஸெட்ஸ் அரசு ஊழியர்களின் மருத்துவக் குறிப்புகளைப் பெயர்களை நீக்கிவிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, பிறந்த தேதி, பால், தபால் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டு, மாநில கவர்னராக இருந்த வில்லியம் வெல்டின் மருத்துவக் குறிப்பைத் தனியே எடுத்தார். அந்த மூன்று விவரங்களே அமெரிக்கர்களில் 87 சதவிகிதத்தினரைத் தனித்தனியே அடையாளம் காட்டப் போதும் என்று பிறகு கணக்கிட்டார். மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை வாங்கினாலும் செல் நம்பர் கேட்கிறார்கள், நாமும் யோசிக்காமல் சொல்கிறோம். நம் ஒவ்வொருவர் வேலிலும் இப்போது பத்து இலக்கத்தில் ஒரு வேப்பந்தழை.

இதோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். அகம் என்ற நம் பழைய மேன்மையைச் சொல்லிப் பெருமூச்சும் விடலாம். ஆனால் எனக்கு இந்த இடத்தில் என் மேலேயே அவநம்பிக்கை வருகிறது. பெயரைச் சொல்லாதிருப்பது நம் ஊர்களில் யாருக்குப் பயன்பட்டிருக்கிறது? மனைவி கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். பண்ணையாள் ஆண்டையின் பெயரை வாயால் உச்சரிக்க முடியாது. ஆனால் ஆண்டை வீட்டுச் சிறுவன் அந்தப் பண்ணையாளை, தாத்தா வயதானவரை, பெயரிட்டு ‘டேய்’ போட்டுக் கூப்பிடலாம். பெயர் எப்போதும் ஒரே திசையில்தான் ஓடியது. மேலேயிருந்து கீழே. அகப்பாட்டின் பெயரின்மை ஒரு கலைஞனின் நாகரிகம். சேரியில் அடிபட்டவன் அடித்தவன் பெயரைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்வது நாகரிகமல்ல.

அதனால் 1994-ன் இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். ஆட்டோ சங்கர் வழக்கில் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 2 அன்று ராஜஸ்தானில் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற கிராமத்தில், மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர் விவசாயிகள் அமைப்பு, ஜன் சுன்வாய் என்னும் பொது விசாரணையின் முதல் கூட்டத்தை நடத்தியது. அருணா ராயும் நிகில் டேயும் சங்கர் சிங்கும் தொடங்கிய அமைப்பு. அவர்கள் செய்தது மிக எளிய காரியம். சர்க்கார் வேலைகளுக்கான வருகைப் பதிவேட்டிலிருந்த பெயர்களை உரக்கப் படித்தார்கள். இன்னார், இத்தனை நாள் வேலை, இத்தனை ரூபாய் கூலி. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பெயர்களின் சொந்தக்காரர்களைத் தெரியும். இப்படிப்பட்ட விசாரணைகளில்தான் வேலைக்கே போகாதவர்களின் பெயரிலும், ஊரைவிட்டுப் போனவர்களின் பெயரிலும், செத்தவர்களின் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே பெயரைச் சொன்னதுதான் நியாயம். பெயரில்லாமல் மொத்தத் தொகையை மட்டும் படித்திருந்தால் யாரும் ஒன்றும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தப் போராட்டத்தின் நீட்சிதான் 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம். (1997-லேயே இந்தப் பெயரில் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடு என்று நாம் சொல்லிக்கொள்வது உண்டு. விதிவிலக்குகளே அதிகமாக இருந்த சட்டம் அது.)

2005 சட்டத்தின் எட்டாம் பிரிவில், உட்பிரிவு ஒன்றில், ‘ஜே’ என்ற ஷரத்தை ஒரு வாக்கியமாக எடுத்துப் படித்துப் பாருங்கள் என்று இந்தப் பத்திரிகையைப் படிக்கும் நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கவிதையை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பதில் நாம் காட்டும் சிரத்தையில் பாதி போதும். முதலில் இருந்த வாக்கியம் நீளமானது, முடிச்சுகள் நிறைந்தது. தனிநபர் பற்றிய தகவலைத் தர மறுக்கலாம் என்று அது சொன்னது. உடனே தன்னையே நிறுத்திக் கேட்டது: அந்தத் தகவலுக்குப் பொதுக் காரியம் எதோடும் சம்பந்தமில்லையா? அதை வெளியிடுவது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவதாகுமா? அப்படியே ஆனாலும் அதைவிடப் பெரிய பொது நன்மை இருக்கிறதா? கடைசியில் ஒரு அளவுகோலையும் வைத்தது: பாராளுமன்றத்துக்கோ சட்டசபைக்கோ மறுக்க முடியாத தகவலை எந்தத் தனிமனிதருக்கும் மறுக்கக் கூடாது. நான் படித்த சட்ட வாக்கியங்களில் இதைவிடக் கம்பீரமான ஒன்று நினைவுக்கு வரவில்லை. கோட் கிரானாவில் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தவரைப் பாராளுமன்ற உறுப்பினரின் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுகிறது.

2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 44-ஆம் பிரிவில், ஓரமாக, இந்த வாக்கியத்தை மாற்றியது. இப்போது அது ஆங்கிலத்தில் ஆறு சொற்கள். தனிநபர் தகவல் தொடர்பான தகவல் — அவ்வளவுதான். கேள்விகள் எல்லாம் போய்விட்டன. யார் யாரைப் பற்றிக் கேட்கிறார்கள், எதற்காக என்று யோசிக்கவேண்டிய கடமை அந்த ஷரத்திலிருந்து போய்விட்டது. அதிகாரியின் சொத்துக் கணக்கும் தனிநபர் தகவல், அந்த அம்மாளின் கடிதமும் தனிநபர் தகவல். அரசுத் தரப்பில் ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லிவிடவேண்டும்: பொது நன்மை பெரிதாக இருந்தால் தகவலைத் தரலாம் என்னும் இன்னொரு உட்பிரிவு அதே எட்டாம் பிரிவில் அப்படியே இருக்கிறது, 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்த பிறகு இந்த மாற்றம் தேவையாயிற்று. உட்பிரிவு இருப்பது உண்மை. ஆனால் பெரும் படிக்கட்டை இடித்துவிட்டுப் பின்பக்கம் ஒரு ஏணி இருக்கிறதே என்பது பதிலாகாது. ஏணியைச் சாய்த்துத் தருவதும் தராததும் மேலே நிற்பவனின் இஷ்டம். 2012-லேயே சுப்ரீம் கோர்ட், ஊழியர் ஒருவரின் ஒழுங்கு நடவடிக்கை விவரங்களும் சொத்து விவரங்களும் தனிநபர் தகவலே என்று இந்த ஷரத்தை அகலமாகப் படித்திருந்தது. அன்று படிப்பில் வந்தது இன்று பிரதியிலேயே வந்துவிட்டது.

இதை நடைமுறைப்படுத்திய வரிசையும் கவனிக்கத் தக்கது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது, நம் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் கம்பெனிகள் நமக்குச் செய்யவேண்டிய கடமைகளுக்குப் பதினெட்டு மாதம் தவணை தரப்பட்டது. நாம் சர்க்காரைக் கேட்கும் கேள்வியை அடைக்கிற இந்த ஆறு சொற்களுக்குத் தவணை இல்லை. அவை உடனே அமலுக்கு வந்தன. மத்திய அரசு தன் அமைப்புகளில் எதை வேண்டுமானாலும், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, இந்தச் சட்டத்திலிருந்து விலக்கி அறிவிக்கலாம். பொய்ப் புகார் கொடுக்கும் பிரஜைக்கோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இன்னொரு பக்கம், 2005-ன் வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் மண் சுமந்தவர்களின் பெயர், நாள், கூலி எல்லாம் வருஷக்கணக்காக இணையத்தில் உலகத்துக்கே திறந்து கிடந்தன. கோட் கிரானாவின் நியாயத்தால்தான் அவை திறந்துவைக்கப்பட்டன, அது தவறில்லை. ஆனால் கூலிக்காரரின் பெயர் திறந்து கிடக்க, அவர் கூலியைப் பட்டியலிட்டவரின் கோப்பு தனிநபர் தகவலாகி மூடிக்கொள்கிறது என்றால், ஆண்டை வீட்டுச் சிறுவனைத்தான் நினைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. பெயர் மறுபடி ஒரே திசையில் ஓடத் தொடங்கிவிட்டது.

நண்பர் கேட்ட கேள்விக்கு, நாளை மந்திரி எழுதினால் என்ன செய்வாய் என்பதற்கு, எனக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. மந்திரிக்கு மாட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே விதி வேண்டும் என்பது சட்டத்தின் சௌகரியம். ஒரு பெயர் எந்த அவையில் சொல்லப்பட்டது, இப்போது அதை வெளியே இழுப்பவர் யார், யாருக்கு மேல் யாருக்கு அதிகாரம் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கவேண்டியிருக்கிறது. பழைய ஷரத்து, தன் சுற்றி வளைத்த மொழியில், அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. இது சிரமம். நீதிபதிகளுக்குச் சிரமம் என்றால் ஒரு பழைய பத்திரிகையை நடத்தியவனுக்கும் சிரமம்தான். நண்பர் இதை ஏற்கவில்லை. யார் எளியவர் என்று தீர்மானிக்கும் உரிமையை உனக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. அன்று பெயரோடு பிரசுரிப்பதென்று தீர்மானித்ததும் யாரும் கொடுத்த உரிமையில் அல்ல.

நாங்கள் செய்தது இதுதான். ஸ்கேன் செய்த படத்தை அப்படியே விட்டோம். அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும், தேடுபொறி படிக்கிற எழுத்துப் பிரதியிலிருந்து அவருடைய பெயரையும் ஊரையும் நீக்கினோம். இளம் நண்பருக்குப் பத்து நிமிஷ வேலை. அந்த இதழைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டி வருகிறவர் கடிதத்தையும் பெயரையும் அச்சில் வந்தபடியே படிக்கலாம். பெயரைத் தட்டி வருகிறவருக்கு அது அகப்படாது. ஸ்பெயின்காரருக்குக் கிடைத்த தீர்ப்பின் ஏழை வடிவம் இது. எங்கள் தளத்திலிருந்து வேறு யாராவது ஏற்கெனவே நகலெடுத்து வைத்திருந்தால் அதற்கு எங்களிடம் வழி இல்லை. நாளைய மென்பொருள் படத்திலிருந்தே எழுத்தைப் படித்துவிடும் என்று இளம் நண்பர் சொல்கிறார். நாளை என்று அவர் சொன்னது எனக்கான மரியாதை, இப்போதே படிக்கிறதாம். பழைய நண்பர் இதை ஏமாற்று வேலை என்கிறார், என்னோடு இன்னும் சரியாகப் பேசவில்லை. இந்தக் கட்டுரையில் அந்த அம்மாளைப் பற்றி நான் சொல்லியிருப்பவற்றில் இரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். வேப்பந்தழை இன்னும் எங்காவது மிச்சமிருக்கிறதா என்று இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

செய்ததைத் தெரிவித்து அவருக்கு எழுதினேன். பதினைந்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. வீடு மாறியபோது தன்னிடமிருந்த அந்த இதழ் தொலைந்துவிட்டதாகவும், அச்சுப் பிரதி ஒன்று அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார். என்னிடம் இரண்டு இருந்தன. கரையான் அதிகம் தொடாததை அனுப்பினேன்.